ஆயர் மாறினாலும் நிற்காத பணி: சபையாக ஒரே தரிசனத்தோடு வெளி ஊழியம் செய்ய முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்கு பஸ்ஸில் போனால், ஒரு சபையின் கோபுரம் கண்ணைவிட்டு மறைவதற்குள் அடுத்த கோபுரம் வந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஆலயத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஆலயச் சுற்றுச்சுவரைத் தாண்டிப் போகிற ஊழியங்களில் பல, ஒரு ஆயர் வந்ததும் தொடங்கி, அவர் இடமாற்றமானதும் நின்றுபோகின்றன. தையல் வகுப்பு நடந்த அறையில் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. மாலை நேர டியூஷன் சென்டருக்கு வாங்கிய கரும்பலகையில் பாட்டு எண் எழுதுகிறார்கள்.

பணம் போதவில்லை, ஆள் வரவில்லை என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் வேறு: அந்த ஊழியம் ஆயருடைய தரிசனமாகவோ கமிட்டியில் இரண்டு பேருடைய ஆசையாகவோ இருந்தது, சபையுடையதாக ஆகவே இல்லை. சபை முழுவதும் ஒரே தேவையைக் கண்டு, அதையே தன் வேலையாக எடுத்துக்கொள்வது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் புழங்கும் சொற்களில்தான் எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்கள் ஆயர் என்ற இடத்தில் பங்குத்தந்தை என்றும், சபைக் கமிட்டி என்ற இடத்தில் பங்குப்பேரவை என்றும், வீட்டுக் கூட்டம் என்ற இடத்தில் அன்பியம் என்றும் வைத்துப் படிக்கலாம்.

நம் மண்ணில் இது புதிதல்ல

மயிலாடியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார் என்று படித்திருப்போம். அவர் வருவதற்கு முன்பே மயிலாடிக்காரரான வேதமாணிக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் போய் விசுவாசத்தை ஏற்று, ஊர் திரும்பி, தன் சொந்தபந்தங்களிடம் சொல்லி ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்திருந்தார். மிஷனரியை அழைத்ததும் அவர்தான். 1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலமில்லாமல் கிளம்பினபோது ஊழியத்தின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். சார்லஸ் மீட் 1818-இல் வந்து பொறுப்பேற்கும் வரை அவர்தான் கவனித்துக்கொண்டார். தலைவர் போன பிறகும் பணி நிற்காமல் தொடர்ந்ததற்குக் காரணம், தரிசனம் ஏற்கெனவே உள்ளூர்க்காரர்களிடம் இருந்ததுதான்.

மார்த்தாண்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கே.டி. பால் முன்னின்று நடத்திய கிராமப் புனரமைப்புத் திட்டத்தின் பகுதியாக ஒய்.எம்.சி.ஏ. 1921-இல் அங்கே ஒரு மையத்தைத் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் அதை நடத்தினார். பண உதவி கொடுப்பதைவிட, மக்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய தொழிலைக் கற்றுக்கொடுப்பதில் அவர்கள் கவனம் இருந்தது. தேனீ, கோழி, முட்டை விற்க ஒரு கூட்டுறவு என்று சிறியவையாகத் தொடங்கினார்கள். ஹாட்ச் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. விளவங்கோடு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் தேன்பெட்டிகள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தொழிலை மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

முதல் படி: பேசுவதற்கு முன் நடந்து பாருங்கள்

வேதாகமத்தில் நெகேமியா, எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்ட வந்ததும் கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் பொறுத்து, ராத்திரியில் சில பேரோடு போய் இடிந்த மதிலைப் பார்த்தார். ஜனங்களிடம் பேசினது அதற்குப் பிறகுதான். மலையேற்ற வீரரும் ஆங்கிலேய மருத்துவருமான டாக்டர் சோமர்வெல்லும் அப்படித்தான். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் போனவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்காகக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரில் மருத்துவராக நின்றுவிட்டார்.

ஆகவே கமிட்டியில் திட்டம் பேசுவதற்கு முன், சபை எல்லையைக் கையால் ஒரு வரைபடமாக வரையுங்கள். சபையார் வீடுகளை மட்டும் வரையக்கூடாது. எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளும் வர வேண்டும்: கோயில் தெரு, பள்ளிவாசல் பக்கம், புறம்போக்கில் இருக்கும் குடிசைகள், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகள். அப்புறம் இரண்டு இரண்டு பேராகப் போங்கள். இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். துண்டுப்பிரசுரம் வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், எதையும் தருவதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: இந்த வீட்டில் எது கஷ்டமாக இருக்கிறது? இப்போது யார் உதவுகிறார்கள்? எங்களால் முடிந்தால் எதைச் செய்தால் உபயோகமாக இருக்கும்?

இந்த மூன்றாவது கேள்விதான் நம் கண்ணைத் திறக்கும். மலையோரக் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குப் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு அக்காவும் வாலிபர் ஐக்கியத் தம்பி ஒருவரும் போனார்கள். அரிசிப் பை கொடுக்கலாம் என்பது அவர்கள் மனதில் இருந்த எண்ணம். பாட்டி சொன்னார்: “அரிசி கெடக்கு மக்களே. மவன் கத்தாருல இருந்து பைசாவும் அனுப்புவான். ரேஷன் கடையில எனக்க விரலு பதியமாட்டேங்குது. கண்ணும் மங்குது. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ ஒரு ஆளு கிட்டுமா?” அந்தத் தம்பி கையில் வைத்திருந்த பட்டியலில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ‘துணைக்கு ஆள்’ என்று நான்காவதாக ஒரு கட்டத்தைப் பேனாவால் போட வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த வீடுகளில் அதிகம் நிரம்பினது அந்தக் கட்டம்தான்.

நம் மாவட்டம் இதை வேதனையோடும் கற்றிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் கரையில் நின்றவர்கள் அரிசி கேட்கவில்லை. கடலில் கிடக்கிற எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்காகத்தான் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். நாம் கொடுக்க நினைப்பதும் அவர்கள் கேட்பதும் பல நேரம் வேறு வேறு.

இரண்டாம் படி: எல்லோரும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள்

பார்த்துவிட்டு வந்ததைச் சபையில் பேச ஒரு கூட்டம் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லோரும் வீட்டுச் சமையலை நினைத்துக்கொண்டு நிற்கிற பத்து நிமிடத்தில் இதைச் செய்ய முடியாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்னே எழுந்து போவார்கள், ராத்திரி நெடுநேரம் இருக்க முடியாது. அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பி அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கமிட்டி ஆண்களும் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடலுக்குத் தங்கலுக்குப் போகிறவர்கள் ஒரே தடவையில் பல வாரங்கள் கரையில் இருக்கமாட்டார்கள். ஒரே பெரிய கூட்டத்துக்குப் பதில் வீட்டுக் கூட்டங்களில், சின்னச் சின்னதாக, அவரவர் நேரத்தில் பேசுவது நல்லது. அதிகப்படியாக ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதம் வீண் அல்ல.

கூட்டத்தில் ஆயர் கடைசியில் பேச வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆயர் ஐயா முதலில் வாயைத் திறந்தால், அவர் சொன்னதற்கு “ஆமா ஐயா” என்று சொல்வதோடு நம் கூட்டங்கள் முடிந்துபோகும். நடந்து பார்த்தவர்கள் முதலில் பேசட்டும். அப்புறம் பெண்கள், அப்புறம் வாலிபர்கள். ஆயர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கேட்டதை வேத வெளிச்சத்தில் கூட்டிச் சொல்லட்டும்.

மூன்றாம் படி: ஒரே வாக்கியம்

பேசினதெல்லாம் கடைசியில் ஒரு வாக்கியத்துக்குள் வந்து உட்கார வேண்டும். “கிறிஸ்துவின் அன்பை எல்லோருக்கும் எடுத்துச் செல்லும் சபையாக விளங்குவோம்” என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவும் செய்யாது. யாருக்கு, எதை, எந்த எல்லைக்குள், எவ்வளவு காலம் என்ற நான்கும் வாக்கியத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன பாட்டியின் கிராமத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று:

“வருகிற மூன்று வருடத்தில், நம் சபை எல்லைக்குள் தனியாக வாழும் எந்த முதியவரும், எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும், ஆஸ்பத்திரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் துணையில்லாமல் போகக்கூடாது.”

எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். கமிட்டிச் செயலாளரிடம் கேட்டால் அழகாகச் சொல்வார், அது போதாது. ஆலயத்தைத் திறந்து பராமரிக்கும் கோயில்பிள்ளையிடம், மைக்செட் கவனிக்கும் பையனிடம், ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடம், ஆராதனைக்குப் பின்வாசல் பக்கம் உட்காரும் மாமாவிடம் கேளுங்கள்: “நம்ம சபை இப்போ என்ன வேலை செய்யுது?” அவரவர் வார்த்தையில், அர்த்தம் மாறாமல் சொன்னால் சரி. “ஆயர் ஏதோ பண்றாரு” என்று பதில் வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

இந்த வாக்கியத்தைச் சபைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக்கி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு வரும் சச்சரவுகளில் அந்த ஒரு பக்கம்தான் கைகொடுக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. வேண்டாம் என்று சொல்ல இந்த வாக்கியம் உதவும். யாராவது நல்ல மனதோடு “இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கலாமே” என்பார்கள். நல்லதுதான், ஆனால் இந்த மூன்று வருடம் நம் கை முதியவர்களிடம் இருக்கிறது என்று மனம் நோகாமல் பதில் சொல்லலாம். நம் சபைகள் களைத்துப்போவது வேலை இல்லாமல் அல்ல, பத்து வேலையைப் பாதி பாதியாகச் செய்து.

நான்காம் படி: அவரவர் வீட்டுக்கு எதிரே

நெகேமியா மூன்றாம் அதிகாரம் பெயர்ப்பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம். நிதானமாகப் படித்தால், பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள் என்று இருக்கும். தட்டானும் தைலக்காரனும் கட்டினார்கள், ஒருவன் தன் குமாரத்திகளோடு கட்டினான். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

அதே மாதிரி பிரித்துக் கொடுங்கள். வண்டி ஓட்டும் வாலிபர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கும் துணைபோகும் முறை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுக்குப் படிவ வேலை: விரல் பதியாதவருக்காக ரேஷன் வாங்க வேறொருவரை நியமிக்கும் மனு, முதியோர் உதவித்தொகை, மருத்துவக் காப்பீட்டு அட்டை. சபையில் ஒரு நர்ஸ் நிச்சயம் இருப்பார். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும் வசதி யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்று பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்வது அவர் பங்கு. முதியோருக்கான உதவி எண் 14567-ஐ பெரிய எழுத்தில் எழுதி அந்த வீடுகளின் சுவரில் ஒட்டுவதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

பெண்கள் ஐக்கியத்துக்கு நாம் வழக்கமாகச் சமையலைக் கொடுத்துவிடுகிறோம். அது சரியில்லை. எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை, யாருக்கு மருமகளோடு பேச்சில்லை, யார் கட்டிலிலிருந்து எழுந்து இரண்டு நாளாயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். யாரை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பழக்கம் இருக்கிற சபைகளில், அந்தப் பிடி அரிசி எங்கே போகிறது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

உதவி பெறுகிறவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். நடக்க முடிந்த முதியவர் நடக்க முடியாதவர் வீட்டில் போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். நமக்கும் இங்கே வேலை இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தால், தரிசனம் சபைச் சுவரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: பணத்தை வெளிச்சத்தில் வையுங்கள்

தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் வரவு செலவு. ஆட்டோவுக்கு 150 ரூபாய் கொடுத்திருந்தால் அதுவும் அங்கே இருக்க வேண்டும். யாருக்கும் ரொக்கமாகக் கடன் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கடன் நுழைந்தால் உறவு கெடும்.

வெளிநாட்டில் இருக்கும் சபையார் அனுப்பும் பணத்தில் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கிடப்படாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. கத்தாரில் வேலை செய்யும் தம்பியும் அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அண்ணனும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள், பொருளாளர் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுக்காரர் பயப்படாதபடி

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு சபை தன் எல்லையைத் தாண்டி அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினால், “எதற்கு வருகிறார்கள்?” என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு மறைவில்லாத பதில் சபையார் எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

உதவிக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. வீட்டுக்காரர் கேட்டாலொழிய அங்கே ஜெபிப்பதில்லை. உதவி வாங்குகிறவர் படம் பேஸ்புக்கில் போகாது. ஊர்க் கமிட்டியிடமும் வார்டு உறுப்பினரிடமும் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம், விரும்பினால் அவர்களும் சேரலாம். சிறுபிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் தனியாகப் போவதில்லை, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லத் தயங்குவதில்லை.

“அப்படியானால் இது சுவிசேஷ ஊழியமா?” என்று சில மூப்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், கூட்டத்திலேயே பேசித் தீர்க்க வேண்டும். நான் நம்புவது இது: சமாரியன் அடிபட்டவனிடம் ஊரும் மதமும் விசாரிக்காமல் காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்துவிட்டுப் போனான். ஏன் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், யாருடைய அன்பினால் செய்கிறோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுவோம். இந்த இடத்தில் சபைக்குள் இரண்டு மனம் இருந்தால், ஒருவர் துணைக்குப் போவார், இன்னொருவர் நோட்டீஸ் கொண்டு போவார், அந்த வீட்டுக் கதவு அடுத்த முறை திறக்காது.

ஏழாம் படி: சபைத் தேர்தலும் ஆயர் இடமாற்றமும்

நம் சபைகளில் கமிட்டித் தேர்தல் எவ்வளவு சூடாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊழியக் குழு ஒரு அணியின் குழுவாகத் தெரிந்துவிட்டால், அணி தோற்கும் நாளில் ஊழியமும் தோற்கும். அதனால் கமிட்டிப் பதவியில் இருப்பவர்கள் ஊழியக் குழுவில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். தேர்தல் நோட்டீஸில் இந்தப் பணியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளட்டும்.

முறுமுறுப்பு வரும். எருசலேம் சபையிலேயே கிரேக்கு மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பெயர்கள் கிரேக்குப் பெயர்கள், முறையிட்டவர்கள் பக்கத்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ‘கிழக்குத் தெரு வீடுகளுக்கு யாரும் போவதில்லை’ என்று ஒருவர் குறை சொன்னால், அவரையே கிழக்குத் தெருவுக்குப் பொறுப்பாக்குங்கள்.

ஆயர் இடமாற்றத்துக்கு ஒரு நோட்டு வேண்டும். வாக்கியம், வீடுகளின் பட்டியல், யார் எந்த வீட்டுக்குப் போகிறார், கணக்கு, நிலுவையில் இருக்கும் மனுக்கள், இவை போதும். புதிய ஆயர் வந்த முதல் மாதத்திலேயே குழுவில் ஒருவர் அவரை இரண்டு மூன்று வீடுகளுக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தட்டும். அவரும் சும்மா வந்து நிற்கமாட்டார், தனக்கென ஒரு பாரத்தோடு வருவார். அவர் சொல்வதற்கும் காது கொடுங்கள், மூன்று வருடம் முடியும்போது அடுத்த வாக்கியத்தை அவரோடு சேர்ந்து எழுதலாம்.

எட்டாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

எத்தனை பேருக்கு எத்தனை உதவி என்று எண்ணுவது எளிது. அதோடு, முதல் நாள் கேட்ட மூன்று கேள்விகளை அதே வீடுகளில் மறுபடி கேளுங்கள். பதில் மாறியிருந்தால் வேலையையும் மாற்ற வேண்டும். மகன் ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு இனி நம் துணை தேவையில்லை, சந்தோஷமாகப் பெயரை எடுத்துவிடுங்கள். நாற்பது குடும்பம் மட்டுமே இருக்கும் சிறிய சபை என்றால், பக்கத்துச் சபையையும் பங்கையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாக்கியத்தோடு போகலாம். வண்டியும் நர்ஸும் பொதுவாக இருக்கட்டும்.

எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸ் காலத்தில் தொடங்காதீர்கள். அப்போது எல்லோர் கையும் மற்ற வேலைகளில் இருக்கும், உதவியும் கேக்கோடு போய்க் கேக்கோடு முடியும். மலையோரச் சபைகளுக்குப் பிப்ரவரி, மார்ச் நல்லது. ரப்பர் இலை உதிர்த்து நிற்பதால் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு இருக்கும், பெரும்பாலும் லெந்து நாட்களும் (தவக்காலமும்) சேர்ந்து வரும். மேற்குக் கடற்கரை ஊர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் பொருந்தும், விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். மழையும் அப்போதுதான் என்பதால் கையில் குடை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் மாதம் நடந்து பார்ப்பது, இரண்டாம் மாதம் வீட்டுக் கூட்டங்கள், மூன்றாம் மாதக் கடைசியில் பொதுக்கூட்டத் தீர்மானம், நான்காம் மாதத்தில் முதல் வண்டி ஆசாரிப்பள்ளத்துக்குக் கிளம்பலாம்.